குழம்பில் போன சேவல்

வெள்ளந்துறையில் ஏசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கு நாடகத்துச் சேவலைத் தெரியாத்தனமாகக் குழம்பு வைத்து ஊரே பந்தி போட்டுச் சாப்பிட்டது ஒரு திங்கட்கிழமை மத்தியானம். அந்தச் சேவல் கூவ ஆரம்பித்தது மறுநாள் காலை பத்து மணிக்கு. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் சட்டையை வாரம் ஒருமுறை துவைத்துக் கொடியில் காயப்போடுகிற பெண்கள் உள்ள ஊர் அது. தின்று செரித்த சேவல் ஒன்று கூவியதற்காக அங்கே யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை.

அந்த ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயிலில் கோயில் முற்றத்தில் தொடங்கி விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிடுகிற அந்த நாடகத்தில், ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போனதும் அவருடைய தலைமைச் சீடர் இராயப்பர் உயிருக்குப் பயந்து, அவரை எனக்குத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலிப்பார், உடனே சேவல் கூவும், அவர் வெளியே போய் மனம் கசந்து அழுவார். அதற்கென்று வருடம் ஒரு வீட்டார் முறைவைத்து ஒரு சேவலை வளர்த்துக் கொண்டுவருவார்கள். மேடையேறிய எந்தச் சேவலும் எந்தக் காலத்திலும் நேரத்துக்குக் கூவியது கிடையாது, திரைக்குப் பின்னால் ஒரு ஆள்தான் கூவுவான், இருந்தாலும் மேடையைக் கண்ட சேவலை அறுக்கக் கூடாது, அது கிழடாகிச் சாகிறவரை கோயில் வளாகத்தில் மேயும் என்பது கட்டுப்பாடு. அந்த வருடம் மறுநாள் அசன விருந்துக்கு வெளியூரிலிருந்து வந்த சமையல்காரருக்கு இது தெரியாது. கூண்டோடு இருந்ததைத் தன் பங்குக்கு வந்ததென்று எடுத்துக்கொண்டார். அறுநூறு கோழியோடு அதுவும் அண்டாவில் இறங்கியது, அந்தக் குழம்பு எல்லா இலையிலும் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை பங்குச் சாமியார் அமலதாஸ் சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவர் நெஞ்சில் கை வைத்து, "அது இல்லைங்க சாமி, நான் அறுத்தது வேற. அதுக்குக் கொண்டை சின்னது, எனக்குத் தெரியாதா" என்று தன்னையே சமாதானம் செய்துகொள்கிற குரலில் சொன்னார். அப்போது காலிக்கூண்டுக்குள்ளிருந்து தொண்டை நிறையக் கூவியது. சமையல்காரர் தன் கரண்டிகளை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டார், சேவல் ஊரோடு தங்கிவிட்டது.

அது எதற்குக் கூவுகிறது என்று கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு மாதம் பிடித்தது. பொய்க்குக் கூவுகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள், ஆனால் நேற்றைய மீனை விடிகாலையில் பிடித்தது என்று கூசாமல் விற்ற பெண்கள் முன்னால் அது கம்மென்று இருந்தது. கடலுக்கு இருபதடி தள்ளி மாடிவீடு கட்டிக்கொண்டிருந்தவர், போன வருடம் அலை தொட்டுப்போன இடத்தில் நின்றுகொண்டு, "தண்ணி இவ்வளவு தூரம் ஏறாது" என்று சொன்னபோது கூவியது. மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையிடம் சாராய வாடையை முகர்ந்துவிட்டு வந்த தாய், "அது ஏதோ மருந்து வாடை" என்று சொன்னபோது கூவியது. பிறத்தியாரை ஏமாற்றுவதைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் இல்லை, உள்ளுக்குள் தெரிந்ததைத் தெரியாது என்று ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறபோதுதான் அவர் தலைமாட்டிலோ முதுகுக்குப் பின்னாலோ காற்றிலிருந்து கூவும் என்று கடைசியில் புரிந்துகொண்டார்கள். சட்டை காயப்போடுகிற ஒரு வீட்டு முற்றத்தில் மட்டும், "அடுத்த வாரம் வந்திருவாவ" என்று அந்தப் பெண் சொல்லும்போது, அது தொண்டையைத் தாழ்த்திக்கொண்டு கூவியது. அதைக் கேட்டவர்கள் சேவலுக்கும் இரக்கம் உண்டு என்று பேசிக்கொண்டார்கள்.

புரிந்த பிறகு ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. பெண் பார்க்கும் சடங்கைப் பக்கத்து ஊரில் வைத்துக்கொண்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், குடியை விட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் கூரையைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றவர்கள் முழங்காலில் இருக்கும்போதே கூவிவிடும் என்று பயந்து வீட்டிலேயே நன்றாக யோசித்துவிட்டு வந்தார்கள், சாமியாருக்கு வேலை பாதியானது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மரியாதை தானாக ஏற்பட்டது. யாருக்காவது சேவல் கூவினால் பக்கத்தில் இருப்பவர்கள் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, கடல் இருக்கிற திசைக்குத் திரும்பிக்கொண்டு, மூச்சு விடுகிற நேரம் பொறுத்துவிட்டு, விட்ட பேச்சைத் தொடர வேண்டும். யாரிடம் எது மறைந்திருந்தாலும் ஊர் பார்க்காது. இதனால் எல்லாருக்கும் நிம்மதி, மெற்றில்டாவுக்குத்தான் அதிக நிம்மதி.

மெற்றில்டா தையல்காரி. பன்னிரண்டு வருடமாக அந்த நாடகத்துக்கு வசனமும் அவள்தான் எழுதினாள், உரோமை வீரர்களின் சிவப்பு அங்கியைத் தைத்துக்கொண்டே தேதித்தாளின் பின்பக்கத்தில் அவர்களுக்கான பேச்சையும் எழுதிப்போடுவாள். அவள் புருஷன் கஸ்பார் இருபத்திரண்டு வருடமாக இராயப்பர் வேஷம் கட்டுகிறவர். கடலில் அவர் படகை ஓட்டினால் மற்றவர்கள் கவலையில்லாமல் வலையைப் பார்ப்பார்கள், கோயில் கோபுரமும் பனங்கூட்டமும் எந்தக் கோட்டில் சேர்ந்தால் கடலடியில் எந்தப் பாறைப் பாருக்கு மேலே நிற்கிறோம் என்று அவருக்கு அத்துப்படி. அந்தக் கஸ்பார் இரண்டு வருடமாக எதையெல்லாமோ மறந்துகொண்டிருந்தார். குழம்புக்கு உப்பு போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே உப்பு போட்டார், செத்துப் பதினைந்து வருடமான அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாயா என்று கேட்டார், நாடகத்தில் வசனம் விட்டுப்போனது. மெற்றில்டா முதல் வருடம் அவருடைய நாற்பது வரியை இருபத்தைந்தாக்கினாள், அடுத்த வருடம் ஒன்பதாக்கினாள்.

"இராயப்பர் குறைச்சுப் பேசினாத்தான் அழுத்தமா இருக்கும் சாமி" என்று அவள் அமலதாஸ் சாமியாரிடம் விளக்கியபோது தையல் மிஷினுக்கு மேலே கூவியது. சாமியார் மரியாதையாகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த தெருவில் எவளோ புருஷனுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மெற்றில்டா ஊசியில் நூல் கோத்தாள்.

அவள் முட்டாள் இல்லை. ஊரில் யாருக்குச் சேவல் கூவினாலும் அது ஏன் என்று அவளுக்கு உடனே புரியும், தன்னுடையதைத் தவிர. எழுதுகிறவள் என்பதால் கூவுகிற இடத்தில் எல்லாம் அவள் காதைக் கொடுத்தாள். அவளுடைய பழைய இராயப்பர், "தெரியாது, தெரியாது, தெரியவே தெரியாது" என்று கத்துவார், இளவட்டங்கள் சிரிக்கும். தெரிந்ததை மறுக்கிறவர்கள் கத்துவதில்லை என்பதை இப்போதுதான் அவள் கண்டாள். அவர்கள் இல்லை என்ற சொல்லையே அனேகமாகச் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் இருக்கிற கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள், திடீரென்று கைக்கு ஒரு வேலை தேடிக்கொள்கிறார்கள், கேட்காத விவரத்தை அள்ளிக் கொடுக்கிறார்கள், கேட்டவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று விசாரிக்கிறார்கள். இதையெல்லாம் வைத்து அவள் அந்தக் காட்சியைப் புதிதாக எழுதினாள். நீரும் அவரோடு இருந்தவர்தானே என்று தலைமைக்குருவின் வேலைக்காரி கேட்கிறாள், இராயப்பர் அவளைப் பார்க்காமல், "இந்த விறகு ஈரம் அம்மா, இதை வைத்து ஊதினால் கண்தான் எரியும், தள்ளு, நான் பற்றவைக்கிறேன்" என்கிறார்.

ஒத்திகையில் கஸ்பார் தாளைப் பார்த்து அதை வாசித்து முடித்ததும் முற்றத்து வேப்பமரத்துக்கு மேலே கூவியது. வசனம் அவ்வளவு உண்மையாக இருந்ததால்தான் கூவியது என்று ஊர்க் கமிட்டியார் எழுந்து நின்றுவிட்டார்கள். இந்த வருடம் நேர்ந்துவிட்ட சேவல் வேண்டாம், திரைக்குப் பின்னால் ஆளும் வேண்டாம், அதுவே கூவட்டும் என்று முடிவானது. காட்சி உண்மையாக இருந்தால்தான் கூவும், இல்லாவிட்டால் மானம் கப்பலேறும். மெற்றில்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

நாடகத்துக்கு மூன்று நாள் முன்பு கஸ்பாரின் தம்பி வியான்னி வந்தான். அண்ணனோடு ஒரே படகில் போகிறவன், நாடகத்தில் ஆண்டவர் வேஷம். வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தான்.

"மைனி, அண்ணனை இனிமே கடலுக்கு அனுப்பாதிய."

"ஏன் தம்பி, என்ன சங்கதி?"

"நேத்து மத்தியானம் எஞ்சினை அணைச்சிட்டு நிக்காவ. நம்ம கோபுரம் கண்ணுக்கு முன்னால தெரியுது. இது எந்த ஊரு கோயிலுன்னு என்கிட்ட கேக்காவ. நான் இல்லாத அன்னைக்கு அவுக தனியாப் போனா என்ன ஆவும்?"

மெற்றில்டா எழுந்து அடுப்படிக்குப் போய் டம்ளரைக் கழுவினாள். "காப்பி குடிக்கிறியா? பால் இருக்கு. நேத்து பனிமூட்டம்லா, எங்க சின்னம்மா மவன்கூட வழி தப்பி எங்கிட்டோ போயிட்டான்னு சொன்னாவ. சீனி கொஞ்சமாப் போடட்டுமா?"

டம்ளருக்குள்ளிருந்து வருவது போல் கூவியது. வியான்னி வழக்கப்படி கடல் பக்கம் திரும்பினான். திரும்பிய கண்ணில் நீர் இருந்தது. "டவுன்ல மூளைக்குப் பாக்குற டாக்டர் வெள்ளிக்கிழமை தோறும் வாராராம் மைனி. நான் கூட வாரேன்" என்று கடலிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்காமல் போய்விட்டான். தான் எழுதிய காட்சியையே தான் வரி பிசகாமல் நடித்துக் காட்டியது மெற்றில்டாவுக்கு அப்போதும் உறைக்கவில்லை. நாடகம் முடிந்த மறுநாள் கஸ்பார் தனியாகப் படகெடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார், அவள் அவருக்குப் புதுச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு முற்றத்தில் இரண்டாயிரம் பேர் இருந்தார்கள், சேவலைக் கேட்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து டெம்போ வைத்து வந்திருந்தார்கள். மெற்றில்டா திரைக்குப் பின்னால் நோட்டோடு நின்றாள், மறந்தவருக்கு எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. பக்கத்தில் அமலதாஸ் சாமியார். மேடையில் சிவப்புத் தாள் ஒட்டிய விளக்கு நெருப்பாக எரிந்தது, ஒரு ஓரத்தில் வியான்னி கை கட்டப்பட்டு நின்றான். கஸ்பார் வந்து நெருப்பின் பக்கம் உட்கார்ந்தார். வேலைக்காரி வேஷம் போட்ட கல்லூரிப் பெண் ஜெசிந்தா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "நீரும் இந்த மனிதனோடு இருந்தவர்தானே?" என்று வியான்னியைக் காட்டிக் கேட்டாள்.

கஸ்பார் விறகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும்மா இவரு? பாவம், கையைக் கட்டிப் போட்டிருக்காவளே. எனக்குத் தெரியலையே."

சேவல் கூவவில்லை. பொய்க்கும் அது கூவாதுதான், ஆனால் பொய் சொல்கிறவர் முகம் அப்படி இருக்காது என்பது முன்வரிசைக்காரர்களுக்குத் தெரிந்தது. வியான்னி கட்டிய கையோடு அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மெற்றில்டா, என்னம்மா ஆச்சு அவருக்கு?" என்று சாமியார் மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சாமி. வெயிலு. தலையில துண்டு போடுங்கன்னு சொன்னேன், கேக்கல."

திரைக்குப் பின்னாலிருந்து, இரண்டாயிரம் பேருக்கும் கேட்கும்படி, முதல் தடவை கூவியது. கூட்டம் மூச்சு விட்டது, நாடகம் சரியாகத்தான் போகிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். ஜெசிந்தா கெட்டிக்காரி, அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். "உமது பேச்சே உம்மைக் காட்டிக்கொடுக்கிறதே, நீர் அந்த ஊர்க்காரர்தானே?"

"எந்த ஊரு? நான் வீட்டுக்குப் போவணும்மா, நேரம் ஆயிட்டு" என்றார் கஸ்பார்.

"வேணும்னே செய்யுதாவ சாமி, புதுசா ஒரு மாதிரி செஞ்சு பாக்காவ, நல்லாத்தான் இருக்கு" என்று மெற்றில்டா நோட்டில் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். இரண்டாவது தடவை கூவியது.

கஸ்பார் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தார். எங்கே பார்த்தாலும் முகங்கள். பயந்துபோய்த் திரை விலகிய இடுக்குப் பக்கம் வந்தவர் அங்கே நின்ற மெற்றில்டாவைக் கண்டார். இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளிடம், வழியில் பார்த்த பெரிய வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு, "யம்மா, நீங்க இந்த ஊராம்மா? என்னைய வீட்டுல கொண்டு விட்டிருங்களேன்" என்றார்.

"என்னைத் தெரியும் அவுகளுக்கு" என்று மெற்றில்டா சாமியாரிடம் சொன்னாள். "என்னைத் தெரியாம இருக்குமா."

மூன்றாவது தடவை அது கூவியது அவள் தலைக்கு மேலேயும் இல்லை, முதுகுக்குப் பின்னாலும் இல்லை. அவளுடைய தொண்டையிலிருந்தே வந்தது. அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு நெஞ்சை உலுக்கிக்கொண்டு வெளியேறிய அந்தக் கூவலை அவள் தன் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியும் நிறுத்த முடியவில்லை. திரையை யாரோ இழுத்துத் திறந்துவிட்டார்கள், எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பார்த்த உடனே வெள்ளந்துறைக்காரர்கள் ஒருவர் விடாமல், பெரியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும், தங்கள் மரியாதைப்படி முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தார்கள். ஒரு ஊரே தனக்காக முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதை மெற்றில்டா பார்த்தாள். இவர்கள் எல்லாருக்கும் இரண்டு வருடமாகத் தெரியும் என்பதும், நாளைக்குக் கஸ்பார் தனியாகப் படகெடுத்துப் போய்த் திரும்பாவிட்டாலும் இப்படியே கடலைப் பார்த்துக்கொண்டு மரியாதையாக நிற்பார்கள் என்பதும் அவளுக்குச் சேர்ந்தே தெரிந்தது. அவள் மேடைக்கு வந்து கஸ்பாரின் கையைப் பிடித்தாள்.

"எல்லாரும் இங்கிட்டுத் திரும்புங்க" என்றாள். "என்னையப் பாருங்க. இவுகளுக்கு எல்லாம் மறந்து போவுது. ரெண்டு வருசமா மறந்து போவுது. எனக்குத் தெரியும். எனக்குப் பயமா இருக்கு, அதான் சொல்லல."

அவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அவள் நாடகத்தில் எழுதியிருந்தபடி இராயப்பர் வெளியே போய் அழ வேண்டிய நேரம் அது, அவருக்குப் பதிலாக அவள் அங்கேயே நின்று அழுதாள். வியான்னி பல்லால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து அண்ணனின் மறு கையைப் பிடித்துக்கொண்டான். கஸ்பார் அந்தப் பெண் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் தோளில் கிடந்த இராயப்பரின் மஞ்சள் துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார். சட்டை காயப்போடுகிற பெண் முன்வரிசையிலிருந்து மேடைக்கு ஏறி வந்து மெற்றில்டாவின் தோளோடு தோள் ஒட்டி நின்றாள்.

வெள்ளிக்கிழமை டவுன் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இருப்பதைப் பல வருடம் பிடித்து வைக்கலாம், ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்கு மெற்றில்டா சாக்கு ஒன்றும் சொல்லவில்லை, "என் தப்பு" என்றாள். கஸ்பார் இப்போதும் கடலுக்குப் போகிறார், வியான்னி படகை ஓட்ட, நடுவில் உட்கார்ந்து வலையில் கை வைத்துக்கொண்டு. வலை பின்னும் முடிச்சு ஒன்றும் விரலுக்கு மறக்கவில்லை. ஊரும் தன் மரியாதையை மாற்றிக்கொண்டது. தெருவில் அவரைக் காண்கிறவர்கள் தங்கள் பேரையும் அவர் பேரையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் பேசுகிறார்கள். எதிரே நின்று முகத்தைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் மெல்ல மற்ற வீடுகளுக்கும் பரவி, கடற்கரை மாடிவீட்டுக்காரர் பாதி எழுப்பிய சுவரை இடித்துக் கல்லை மேட்டுத்தெருவுக்குக் கொண்டுபோனார், மருந்து வாடை மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் பெண் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வருடத்து நாடகத்துக்கு மெற்றில்டா இதுவரை யாரும் போடாத ஒரு காட்சியைச் சேர்க்க நினைத்தாள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார், தன்னை மூன்று தடவை மறுத்த இராயப்பரிடம், என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தடவை கேட்கிறார், அவ்வளவுதான் காட்சி. கேள்விகளை எழுதிவிட்டாள். பதிலுக்கு எத்தனை வரி எழுதினாலும் கஸ்பாருக்கு நினைவில் நிற்காது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு சாயங்காலம் கஸ்பார் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார், அவள் தேதித்தாளைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"உங்களுக்கு என்னையப் பிடிக்குமா?"

அவர் பின்னுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். "உன் பேரு வரமாட்டேங்குது ஏட்டி" என்றார்.

"பேரு கிடக்கட்டும். பிடிக்குமா?"

"காலையில முழிச்சா எங்க இருக்கேன்னே தெரியல. பயமா இருக்கு. பொறவு நீ வாறே."

"நான் வந்தா?"

"நீ வந்தா வீட்டுலதான் இருக்கேன்னு தெரிஞ்சிருது" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

மெற்றில்டா தேதித்தாளை எடுத்து அவர் சொன்னதை இராயப்பரின் பதிலாக அப்படியே எழுதிக்கொண்டாள். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.